எந்த வீடியோ கேம் உலகை அதிகம் மாற்றியது? மூன்று பதில்களுக்கும் பின்னால் நிற்கும் ஒரே மனிதர்: குன்பெய் யோகோய்

தேவாரத்தில் 90-களிலோ 2000-களின் தொடக்கத்திலோ பள்ளிக்கூடம் போன யாரிடமாவது, முதன்முதலில் விளையாடிய வீடியோ கேம் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். வீரபாண்டித் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கிய பிரிக் கேம். யாரோ ஒருவர் வீட்டு டிவியில் வயரைச் செருகி, தெருப் பசங்க எல்லாம் முறைவைத்து ஆடிய மாரியோ. இல்லாவிட்டால், அதே டிவி கேமோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுடுகிற கேம்.

கைக்கு வந்த பெட்டி பெரும்பாலும் சீன நகல்தான். அதில் யார் உருவாக்கியது என்ற பெயரெல்லாம் இருக்காது. ஆனால் இந்த மூன்று நூல்களையும் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால், மூன்றும் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரே மனிதரின் மேஜைக்குப் போய்ச் சேரும். அவர் குன்பெய் யோகோய். 1997-ல் ஒரு நெடுஞ்சாலையில், 56 வயதில் இறந்துபோனவர்.

இவரைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? எந்த வீடியோ கேமின் தாக்கம் பெரியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை என்பதால்தான். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதே கேள்வியை மக்களிடம் கேட்டு முடிவை வெளியிட்டது. முதலிடம், 1999-ல் வந்த ஷென்மூ. அடுத்து டூம். மூன்றாவதாகத்தான் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். நம்ம பக்கம் ஷென்மூ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015-ல் உலக வீடியோ கேம் ஹால் ஆஃப் ஃபேம் என்று ஒன்றைத் தொடங்கியது. முதல் ஆண்டில் தேர்வானவை ஆறு: பாங், பேக்-மேன், டெட்ரிஸ், சூப்பர் மாரியோ பிரதர்ஸ், டூம், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். பாஃப்டாவின் முதலிடம் இந்த ஆறில் இல்லை.

போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரே மூட்டைக் காயை ஒருத்தர் சல்லடையில் போட்டு 8 மில்லிமீட்டர் நிற்கிறதா என்று பார்ப்பார். இன்னொருத்தர் பச்சை நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றாமவர் லிட்டர் எடை எவ்வளவு என்று கேட்பார். அளவுகோல் மாறினால் விலையும் மாறும். ஸ்ட்ராங் அருங்காட்சியகமும் நான்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறது: பரவலாக அடையாளம் தெரிகிறதா, காலம் தாண்டி நின்றதா, எல்லை தாண்டிப் போனதா, பின்னால் வந்தவற்றை மாற்றியதா. இதில் கடைசி அளவுகோலுக்கு மட்டும் தனி எடை உண்டு. மற்றவற்றில் குறை இருந்தாலும், தாக்கம் ஒன்றை வைத்தே ஒரு கேம் உள்ளே வரலாம்.

அந்தக் கடைசி அளவுகோலை கேமுக்குப் பதிலாக ஒரு மனிதருக்கு வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? யோகோயின் வாழ்க்கை அதற்கான விடை.

சீட்டுக்கட்டுக் கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலை

1941 செப்டம்பர் 10-ல் கியோட்டோவில் பிறந்தார் யோகோய். அதே ஊரின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் உள்ளூரிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி நின்டெண்டோ. இன்றைய நின்டெண்டோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1889-ல் ஆரம்பித்து, ஹனஃபுடா என்கிற ஜப்பானியச் சீட்டுக்கட்டுகளை அச்சிட்டு விற்றுவந்த நிறுவனம் அது. யோகோயின் வேலை, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு வேலையே இல்லை.

சும்மா இருந்த நேரத்தில் கம்பெனியின் லேத் இயந்திரத்திலேயே ஒரு விளையாட்டுப் பொருள் செய்தார். கத்தரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த பட்டைகள். கைப்பிடியை அழுத்தினால் நீண்டு, தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்விக்கொண்டு வரும். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை போச்சு என்றுதான் யோகோய் நினைத்திருப்பார். யமாவுச்சியோ அதை விற்பனைக்குத் தயார் செய்யச் சொன்னார். 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சீட்டுக்கட்டு விற்பனை தேங்கிப்போய், என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற நிறுவனத்துக்குப் புது வழி கிடைத்தது. மெஷின் பழுது பார்த்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

1969-ல் வந்த லவ் டெஸ்டர் இன்னும் சுவாரசியம். ஆணும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடித்தால், முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டுமாம். உள்ளே இருந்தது உடலில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அளக்கும் சாதாரணக் கருவிதான். பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்ததாக யோகோய் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சிரிப்பாக இருந்தாலும் அவருடைய பாணி இதிலேயே தெரிகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த, விலை இறங்கிப்போன ஒரு கருவியை எடுத்து, யாரும் யோசிக்காத இடத்தில் வைத்தார்.

வாத்து சுட்ட துப்பாக்கி

அந்தக் காலத்தில் ஷார்ப் நிறுவனத்திலிருந்து மசாயுகி உஎமுரா என்ற பொறியாளர் நின்டெண்டோவுக்கு வந்துபோனார். அவர் கொண்டுவந்தது சூரிய ஒளி மின்கலங்கள். வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும் என்றால், துப்பாக்கியிலிருந்து வெளிச்சத்தை அனுப்பி, இலக்கில் மின்கலத்தை வைத்தால்? குறி சரியாக விழுந்ததா என்று இலக்கே சொல்லிவிடும். 1970-ல் இந்த ஒளித் துப்பாக்கிப் பொம்மை வந்தது. உஎமுராவும் நின்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார். பின்னாளில் ஃபேமிகாம் கேம் கருவியை வடிவமைத்தவர் அவர்தான். நம்ம ஊரில் டிவி கேம் என்று விற்ற பெட்டிகள் பெரும்பாலும் அந்த ஃபேமிகாமின் நகல்களே.

யோகோய் ஆசையை இன்னும் பெரிதாக்கினார். 1973-ல், மூடிக்கிடந்த பௌலிங் கூடங்களைத் துப்பாக்கி சுடும் அரங்குகளாக மாற்றும் லேசர் கிளே திட்டம் வந்தது. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி ஜப்பானைத் தாக்க, ஆர்டர்கள் வரிசையாக ரத்தாகின. நின்டெண்டோ கடனில் விழுந்தது. யோகோயின் கதையை எப்போதும் வெற்றிக் கதையாகவே சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. 1984-ல் டக் ஹண்ட் வீடியோ கேமாக வந்தபோது தயாரிப்பாளர் யோகோய்தான். இப்போது எல்லாம் தலைகீழ். ஒளியை அனுப்புவது டிவி, வாங்குவது துப்பாக்கி. விசையை அழுத்திய நொடியில் திரை முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழலில் உள்ள சென்சாருக்கு அந்த வெள்ளை தெரிந்தால் வாத்து விழும். பழைய பெட்டி டிவியின் வேகத்துக்கு ஏற்ப அமைந்த கணக்கு இது. அதனால்தான் பரணில் கிடக்கும் அந்தத் துப்பாக்கியை இன்று எல்இடி டிவி முன் நீட்டினால் ஒரு வாத்துகூட விழாது.

கால்குலேட்டரை நோண்டிய பயணி

1970-களின் கடைசி. புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்த யோகோய், அலுத்துப்போன ஒரு அலுவலகப் பயணி கால்குலேட்டர் பொத்தான்களை சும்மா தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பொழுதைப் போக்க, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் விளையாட, ஒரு சின்னப் பொருள் இருந்தால்? சில நாளில் தலைவர் யமாவுச்சியின் கார் டிரைவர் வரவில்லை. இடதுபக்க ஸ்டியரிங் கொண்ட அந்த வெளிநாட்டுக் காரை ஓட்டத் தெரிந்தவர் என்பதால் யோகோயைக் கூப்பிட்டார்கள். ஓட்டும்போது பேச்சுவாக்கில் இந்த யோசனையைச் சொல்லிவைத்தார். யமாவுச்சி பதில் ஏதும் சொல்லவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது கால்குலேட்டர் தயாரிக்கும் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர். விஷயம் நகர்ந்துவிட்டது.

கால்குலேட்டர் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையைக் குறைத்து, எல்சிடி திரைகள் மலிந்துபோன நேரம் அது. 1980 ஏப்ரலில் முதல் கேம் அண்ட் வாட்ச் வெளியானது. ஒரே ஒரு கேம், கூடவே ஒரு கடிகாரம். அந்த வரிசை முழுவதுமாக 4.3 கோடிக்கு மேல் விற்றது.

1982-ல் அதே வரிசையில் டாங்கி காங் கொண்டுவர வேண்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், மேலே, கீழே, இடம், வலம் என நான்கு பக்கமும் நகர வேண்டும். ஜாய்ஸ்டிக் வைக்க முடியாது, ஏனென்றால் இந்தக் கருவி புத்தகம் மாதிரி மூடி சட்டைப் பையில் போவது. நான்கு தனிப் பொத்தான்கள் வைத்தால், எது எந்தப் பொத்தான் என்று விரலைப் பார்க்க வேண்டிவரும். யோகோய் நான்கையும் ஒரே '+' வடிவத் துண்டாக இணைத்தார். கட்டைவிரலை நடுவில் வைத்து லேசாகச் சாய்த்தால் போதும், கண் திரையிலேயே இருக்கலாம். இதற்கு முன்பும் திசைப் பொத்தான்களில் சிலர் கைவைத்திருக்கிறார்கள், நிலைத்தது இதுதான். அடுத்த ஆண்டு ஃபேமிகாமின் கன்ட்ரோலரில் அப்படியே ஏறியது. பிறகு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வரை அந்த வடிவமோ அதன் சாயலோ இல்லாத கன்ட்ரோலரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். திருவிழாக் கடை பிரிக் கேமில்கூட நான்கு திசைப் பொத்தான்கள் சிலுவையாகத்தான் நின்றன.

மாரியோவுக்கு ஏன் அடிபடவில்லை?

டாங்கி காங் என்ற அந்தக் கேமே ஒரு நஷ்டத்தில் பிறந்தது. ரேடார் ஸ்கோப் என்ற ஆர்கேட் கேமை நின்டெண்டோ அமெரிக்காவுக்கு 3,000 அனுப்ப, சுமார் 2,000 பெட்டிகள் விற்காமல் கிடங்கில் கிடந்தன. அந்தப் பெட்டிகளுக்குள் புதிதாக ஒரு கேமைப் போட்டு விற்கலாம் என்று முடிவானது. பொறுப்பு, அதுவரை கேம் வடிவமைப்பில் பெரிய அனுபவமில்லாத ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் போனது. மேற்பார்வைக்கு யோகோய். 1981-ல் வந்த டாங்கி காங், நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையைக் காப்பாற்றியது. 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ளும் போனது. அதில் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்த தச்சர்தான் பின்னர் மாரியோ ஆனார்.

அந்தக் கேமில் மாரியோ கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலே செத்துப்போவார். 1983-ல் மாரியோ பிரதர்ஸ் தயாரானபோது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடக் கூடாது என்றார் யோகோய். மியாமோட்டோவுக்கு முதலில் உடன்பாடு இல்லை; அப்படிச் செய்தால் விளையாட்டில் என்ன சவால் என்று யோசித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் விழுந்தால் சாகும் மாரியோவை வைத்து 1985-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸைக் கற்பனை செய்து பாருங்கள். ஓடி, குதித்து, மேடைக்கு மேடை தாவுகிற அந்தச் சுதந்திரமே இருக்காது. மாரியோவை உருவாக்கியவர் மியாமோட்டோ, அதில் சந்தேகம் இல்லை. பயமில்லாமல் குதிக்கவிட்டவர் யோகோய். 1986-ல் மெட்ராய்டு வந்ததும் யோகோயின் குழுவிலிருந்துதான்.

கலர் இல்லாத கேம் பாய் எப்படி ஜெயித்தது?

1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் கேம் பாய் வெளியானது. பச்சை கலந்த மங்கலான திரை, நான்கே நிறச் சாயல்கள், பின்னால் விளக்குகூட இல்லை. அதே ஆண்டு அட்டாரி கலர் திரையுடன் லின்க்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர். இரண்டுமே பார்க்க கேம் பாயைவிட எத்தனையோ மடங்கு அழகு. இன்றைய யூடியூப் ரிவ்யூவர்கள் அன்று இருந்திருந்தால் கேம் பாயைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கலர் கருவிகள் ஆறு பென்சில் பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர். லின்க்ஸ் அதைப்போல இரண்டு மடங்கு. கீழே போட்டாலும் உடையாது. வளைகுடாப் போரில் எரிந்து உருகிய ஒரு கேம் பாய், திரை மட்டும் வேலை செய்யும் நிலையில் நியூயார்க்கில் நின்டெண்டோவின் கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. யோகோயின் கணக்கு எளிமையானது: திரையில் கலர் இல்லாவிட்டால் ஆட்டத்தில் மூழ்கியவனுக்கு அது தெரியாது, பேட்டரி தீர்ந்தால் நிச்சயம் தெரியும். தமிழ்நாட்டு மின்வெட்டுக் காலத்தில் மணிக்கணக்காக இருட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிவி கேம் செத்துக் கிடக்கும், பிரிக் கேம் கத்திக்கொண்டிருக்கும்.

இதையே யோகோய் ஒரு கொள்கையாக வைத்திருந்தார். புத்தம்புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, மலிவாகி, பழுது எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்ட ஒன்றை எடு. அதை வேறு பக்கமாகத் திருப்பி யோசி.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் தேவை. கேம் பாய் முழுக்க யோகோய் ஒருவரின் மூளை என்று பல கட்டுரைகள் எழுதும். அவருடைய குழுவிலேயே இருந்த பொறியாளர் சடோரு ஒகாடாவின் நினைவு வேறு. யோகோய் முதலில் நினைத்தது கேம் அண்ட் வாட்சை ஒட்டிய மலிவான ஒரு பொருளை. கேசட் மாற்றி மாற்றிப் போடும், நீண்ட காலம் நிற்கும் கருவியாக அது மாற, தான் சண்டை போட வேண்டியிருந்தது என்று ஒகாடா பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இருவரின் பிடிவாதமும் சேர்ந்த பொருள் அது என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

கேம் பாயோடு எந்தக் கேமை இலவசமாகக் கொடுப்பது? நின்டெண்டோவின் கையில் மாரியோ இருந்தது. ஆனால் ஹெங்க் ரோஜர்ஸ் என்ற வணிகர் குறுக்கே வந்தார். மாரியோ வைத்தால் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸ் வைத்தால் எல்லாரும் வாங்குவார்கள் என்பது அவர் வாதம். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் எழுதிய அந்தக் கட்டம் அடுக்கும் விளையாட்டு, இப்படித்தான் அமெரிக்கக் கேம் பாய் பெட்டிக்குள் போனது. அலுவலகம் போகிறவர்களும் அம்மாக்களும் வாங்கினார்கள். அந்த அலையைப் பார்த்துதான் சீனாவில் எல்சிடி டெட்ரிஸ் கருவிகளைக் குவிக்கத் தொடங்கினார்கள். 9999 கேம் என்று அட்டையில் போட்டு, உள்ளே சில கேம்களையே வேகம் மாற்றி மாற்றித் தந்த நம்ம பிரிக் கேமின் பூர்வீகம் இதுதான்.

கேம் பாயும் அதன் கலர் வடிவமும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. இரண்டு கருவிகளை ஒரு வயரால் இணைத்து ஆடும் வசதியும் அதில் இருந்தது. அந்த வயரைப் பார்த்து, அதன் வழியே பூச்சிகள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவதாகக் கற்பனை செய்த சடோஷி டாஜிரி, 1996-ல் பொக்கிமானைக் கொண்டுவந்தார். 2017-ல் டாங்கி காங்கோடு அதுவும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தது.

சிவப்புக் கண்ணாடி

1995-ல் யோகோய் தன் கொள்கையைத் தானே மீறினார் என்று சொல்லலாம். விர்ச்சுவல் பாய். முகத்தைப் புதைத்துப் பார்க்கும் முப்பரிமாணக் கருவி. தலையில் மாட்டலாம் என்று நினைத்தால் முடியாது. மேஜையில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, குனிந்து பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அன்று மலிவாகக் கிடைத்தது சிவப்பு எல்இடி. கண் வலி, தலைவலி, கழுத்து வலி என்று புகார்கள் குவிந்தன. நின்டெண்டோவின் கவனமெல்லாம் அடுத்து வரவிருந்த நின்டெண்டோ 64 மேல் இருந்ததால், விர்ச்சுவல் பாய் முழுதாகப் பழுக்கும் முன்பே கடைக்கு வந்தது. மொத்தமே 22 கேம்கள். சுமார் 7.7 லட்சம் கருவிகள் விற்றதோடு, ஓர் ஆண்டுக்குள் மூட்டை கட்டினார்கள்.

முப்பது ஆண்டு உழைத்த மனிதருக்கு இது பெரிய அடி. அடுத்த ஆண்டு மெலிந்த, கையடக்கமான கேம் பாய் பாக்கெட்டை முடித்துக் கொடுத்தார். 1996 ஆகஸ்டில் நின்டெண்டோவைவிட்டு வெளியேறினார். விர்ச்சுவல் பாய் தோல்விக்குத் தண்டனையாக அவரைத் துரத்திவிட்டார்கள் என்ற கதை இன்றும் சுற்றுகிறது. ஆனால் அதே ஆண்டு ஒரு ஜப்பானிய மாத இதழில் தான் ஏன் விலகினேன் என்று அவரே கட்டுரை எழுதி அதை மறுத்திருக்கிறார். தனியாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது பழைய திட்டமாம். எது முழு உண்மையாக இருந்தாலும், பல செய்திகளில் அவர் பெயருக்கு முன்னால் அன்று ஒட்டிக்கொண்டது அந்தச் சிவப்புக் கண்ணாடிதான். ஒரு தோல்வி, பதினைந்து ஆண்டு வெற்றியை மறைக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வெளியே வந்து கோட்டோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கருவியில் வேலை நடந்தது. 1997 அக்டோபர் 4 அன்று இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிகு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் இருந்த கார் முன்னே போன லாரியில் மோதியது. பெரிய விபத்தில்லை. என்ன சேதம் என்று பார்க்க காரைவிட்டு இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவரை இடித்தது.

அவர் இறந்து சுமார் பத்து ஆண்டுகள் கழித்து '+' பொத்தானுக்காகத் தொழில்நுட்ப எம்மி விருது கிடைத்தது, நின்டெண்டோவின் பெயரில். கேம் பாய் 2009-ல் அதே ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தின் பொம்மைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தது. டெட்ரிஸ், டாங்கி காங், சூப்பர் மாரியோ, பொக்கிமான் ஆகியவை கேம்களின் பட்டியலில் ஒவ்வொன்றாக ஏறின. அவற்றில் எதையும் யோகோய் தனியாக உருவாக்கவில்லை. டெட்ரிஸுக்கும் பொக்கிமானுக்கும் அவர் ஆசிரியரே இல்லை. ஆனால் அவர் செய்த பொருளையோ, சொன்ன ஒரு வார்த்தையையோ எடுத்துவிட்டால், இந்த நான்கில் ஒன்றுகூட இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில் இருக்காது. ஷென்மூவா, டூமா, மாரியோவா என்று வாக்குப் போடும்போது இந்த மாதிரி ஆளுக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பதுதான் சிக்கல்.

பாதியில் விட்டுப்போன அந்தக் கடைசிக் கருவி 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் ஜப்பானில் வெளியானது. கலர் கிடையாது. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் முப்பது மணி நேரம் போல ஓடியது. அதோடு வந்த முதல் கேம்களில் ஒன்று, கோடுகளை இணைக்கும் ஒரு புதிர் விளையாட்டு. அதற்கு குன்பெய் என்றே பெயர் வைத்தார்கள்.